பத்தாவது தேறாத அக்காவை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒரு சின்ன ஹால் கிடைத்திருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுக்கலாமா, என்ன சொல்லிக் கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது, முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நான் நர்சிங் டியூட்டராக இருந்தவள், அட்டெண்டர், அதாவது வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்கும். ஆளுக்குத்தான் பஞ்சம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டில் அது 2021-க்கு 13.6, 2031-க்கு 18.2. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நம்முடையது. எண்ணிக்கையை விடுங்கள், பழைய வண்ணாரப்பேட்டையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். பிள்ளைகள் மாதவரம், ரெட்டேரி, ஓ.எம்.ஆர். என்று போய்விட்டார்கள், பழைய வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர், அல்லது மிஞ்சிய ஒருவர்.

ஆனால் நீங்கள் ஆரம்பிக்கிற இடம்தான் எனக்கு இடிக்கிறது. "படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள்" என்கிறீர்கள். இந்த வேலையை இன்றைக்கு யார் செய்துகொண்டிருக்கிறார்கள்? வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் காலையில் பஸ் பிடித்து புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம், சவுகார்பேட்டை போகிற நாற்பது, ஐம்பது வயது அக்காக்கள். பாத்திரம் தேய்க்கப் போனவர்கள். அந்த வீட்டுப் பாட்டி ஒருநாள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும், "நீயே கூட இருந்து பார்த்துக்கோயேன், சேர்த்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிடுவார்கள், அன்றையிலிருந்து அவர் அட்டெண்டர். பயிற்சியும் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. அந்தப் பாட்டி போன பிறகு அதே வீட்டுக்காரர் சிபாரிசில் இன்னொரு வீடு. இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் ஓடியிருக்கும். அவர் பயிற்சி மையத்துக்கு வந்தால் வாசலிலேயே பத்தாவது மார்க் ஷீட்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், உள்ளே உட்கார்ந்திருப்பதோ இந்த வேலைக்குப் போவதாக இன்னும் முடிவே பண்ணாத பெண்.

அதனால் என் யோசனை இதுதான்: ஏற்கனவே செய்துகொண்டிருப்பவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். புதுப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நைட் டியூட்டி என்றதும் வீட்டில் விடமாட்டார்கள், மலம் துடைக்கிற முதல் நாளே பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போகும், அதோடு கல்யாணம். நிற்கிறவர்களும் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் மாதிரி வேலைக்குத்தான் கண் வைத்திருப்பார்கள். அவர்களையும் தப்புச் சொல்ல முடியாது. அக்காக்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள். கை பழகியிருக்கிறது, அருவருப்பு போய்விட்டது, பெரியவர்களிடம் பேசத் தெரியும். தப்பான சில பழக்கங்களும் சேர்ந்தே ஊறியிருக்கும், அதைத்தான் மாற்ற வேண்டும்.

என்ன தப்பு? முதுகின் அடியில் சிவந்திருந்தால் தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள். அங்கே தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் நின்று சதை சாக ஆரம்பித்திருக்கலாம், தேய்த்தால் இன்னும் கிழியும். விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம் வெள்ளைத்தோல்காரருடையது. நம் கறுப்புத் தோலில் சிவப்பே தெரியாது, சுற்றி இருக்கிற இடத்தைவிடக் கருத்துத் தெரியும், தொட்டால் சூடாக இருக்கும், கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். கண்ணைவிடக் கையைத்தான் நம்ப வேண்டும். இதைப் படம் காட்டி யாருக்கும் புரியவைக்க முடியாது, ஒருவர் முதுகைத் தொட்டுக் காட்டித்தான் புரியவைக்க முடியும். ரப்பர் டியூப் மாதிரி நடுவில் ஓட்டை போட்ட தலையணை விற்கிறார்கள் பாருங்கள், அதையும் தூக்கிப் போடச் சொல்லுங்கள், ஓட்டையைச் சுற்றியே அழுத்தம் ஏறும். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனி திருப்ப வேண்டாம் என்று நினைக்கிற வீடுகளும் ஏராளம். ஏர் பெட் இருந்தாலும் திருப்பியே ஆக வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.

திருப்புவதை எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதும் முக்கியம். பெரிய ஸ்கில் சென்டர்களில் நடு ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில், இரண்டு பக்கமும் இடம், திருகினால் ஏறி இறங்கும். நம் பக்கத்து வீடுகளில் பத்துக்குப் பத்து அறை, கட்டில் சுவரோடு ஒட்டி, கால்மாட்டில் பீரோ, அடியில் குடம். ஒரு பக்கமிருந்து மட்டும்தான் ஆளைத் தொட முடியும். உங்கள் ஹாலிலும் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பழகவிடுங்கள். பழைய காட்டன் புடவை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் குறுக்கே விரித்துவிட்டால், அதைப் பிடித்து இழுத்தே ஆளைப் பக்கத்துக்குக் கொண்டுவரலாம், திருப்பலாம், மேலே ஏற்றலாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியதில்லை, தோலும் உராயாது, தூக்குகிறவர் இடுப்பும் போகாது. ஸ்ட்ரோக் வந்தவரை செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதை நான் பார்க்காத வீடு குறைவு. அந்தத் தோள் மூட்டு ஏற்கனவே தளர்ந்து தொங்குகிறது, இழுத்தால் நழுவும், அப்புறம் வலி ஆயுசுக்கும் போகாது.

சாப்பாடு ஊட்டுவதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். பாடம் எடுக்காதீர்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவரைப் படுக்கவைத்து இன்னொருவர் கஞ்சி ஊட்டட்டும், அதுவும் அவசர அவசரமாக, நின்றுகொண்டே, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே. மூன்றாவது ஸ்பூனில் கத்துவார்கள். அப்புறம் எழுப்பி நேராக உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்கச் சொல்லுங்கள். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. வெறும் தண்ணீருக்குப் புரை ஏறுகிறவருக்குக் கெட்டிக் கஞ்சி சுலபமாக இறங்கலாம், சாப்பிட்ட பிறகு குரல் கொளகொளவென்று மாறினால் உணவு நுரையீரல் பக்கம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவருக்கு டாக்டர் விழுங்குவதைச் சோதித்துச் சொல்லும் வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

சுகர் மாத்திரை விஷயம் நம் ஏரியாவுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது. சவுகார்பேட்டையில் ஜெயின் வீட்டுப் பெரியவர்கள் சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அப்புறம் காலைவரை ஒன்றும் கிடையாது. சீட்டில் "இரவு உணவுக்குப் பின்" என்றிருப்பதைப் பார்த்து அட்டெண்டர் ஒன்பது மணிக்கு மாத்திரையைக் கொடுத்தால் விடியற்காலையில் லோ சுகர் வரலாம். ராயபுரம், மண்ணடிப் பக்கம் ரம்ஜான் மாதத்தில் இதே கதை வேறு மாதிரி. நேரத்தை அட்டெண்டர் தானாக மாற்றக் கூடாது, ஆனால் "இவங்க ஆறு மணிக்கே சாப்பிட்டுடறாங்க, மாத்திரையை எப்போ குடுக்கணும்?" என்று வீட்டுக்காரரை டாக்டரிடம் கேட்கவைக்க வேண்டும். வயதானவர்களுக்கு லோ சுகர் வந்தால் எப்போதும் கை நடுக்கமும் வியர்வையும் வராது, சும்மா குழம்பிப் பேசுவார்கள், அல்லது தூங்கி வழிவார்கள். நினைவிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர், நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாமல் 108.

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கவனித்ததைச் சொல்லத் தெரிவதைச் சொல்லிக்கொடுங்கள். டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறார், மகன் வாரத்துக்கு ஒருநாள் வருகிறார், பன்னிரண்டு மணி நேரம் கூடவே இருப்பது இந்த அக்காதான். ஆனால் போனில், "பாட்டி ஒரு மாதிரி இருக்காங்க சார்" என்பார். மகன், "சரி, சாயந்திரம் பாக்கறேன்" என்று வைத்துவிடுவார். அதையே, "காலைல நல்லா பேசினாங்க, பத்து மணிலேர்ந்து தூக்கக் கலக்கமாவே இருக்காங்க, மாத்திரை போட்டாங்க, இட்லி பாதிகூட சாப்பிடல, நேத்திலேர்ந்து யூரின் கம்மி" என்று சொன்னால் கேட்கிறவர் எழுந்து ஓடி வருவார். நேற்று எப்படி, இன்றைக்கு எப்படி, எந்த நேரத்திலிருந்து மாறியது. திடீர்க் குழப்பம் என்பது வயசாகிவிட்டதால் வரும் மறதி கிடையாது, உள்ளே எங்கோ கிருமி, உப்புக் குறைவு, தண்ணீர் குறைவு, புது மாத்திரை, ஏதோ ஒன்று இருக்கிறது. முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது என்றால் மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு உடனே 108, ஏனென்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எழுதத் தெரியாதவருக்கு நோட்டுப் புத்தகம் எதற்கு? வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பழக்குங்கள், அதுவே நேரத்தோடு பதிவாகிவிடும்.

மறதி நோய் பற்றித் தனி வகுப்பு கட்டாயம் வேண்டும். பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் விடியற்காலையில் எழுந்து ஷிஃப்டுக்கு லேட்டாகிவிட்டது என்று கதவைத் தட்டுவார்கள். "மில்லு மூடி எத்தனையோ வருஷமாச்சு, படு" என்று சொன்னால் சண்டைதான், சில நேரம் அடியும் விழும். "இன்னும் டைம் இருக்கு நைனா, டீ குடிச்சிட்டு போலாம் வா" என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் காலையைக் கடத்திவிடுவார். பொய் சொல்லலாமா என்று சில மாணவிகள் கேட்பார்கள். அவர் உலகத்தில் மில் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் போய்ச் சங்கு ஊத வேண்டியதில்லை என்பதுதான் என் பதில், ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. இன்னொன்று, நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழி முதலில் போவதுண்டு. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி வளர்ந்த பாட்டிக்குத் தமிழ் கைவிட்டுப் போகலாம். வடசென்னையில் இரண்டு மொழி தெரிந்த அக்காக்களுக்குக் குறைவில்லை, அதை அவர்கள் தகுதியாகவே சொல்லிக்கொள்வதில்லை, நீங்கள் எழுதிக்கொடுங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும்? அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டப்படி முதியோர் காப்பகத்தில் நர்ஸ் எய்டாக, அதாவது நர்ஸுக்கு உதவியாளராக இருக்கக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணியாவது மேற்பார்வையில் நேரடியாகச் செய்து பழக வேண்டும். அது போதாது என்று அங்கேயே ரொம்ப நாளாகக் குறை சொல்கிறார்கள். ஜப்பானில் ஆரம்பப் பயிற்சியே 130 மணி நேரம். நீங்கள் வாரத்தில் மூன்று மதியம், இரண்டரை மணி நேரம் நடத்தினால் பத்து வாரத்தில் 75 மணி வந்துவிடும், மிச்ச வாரங்களை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் கைவேலைக்கு வையுங்கள். மதியம் என்று சொல்வதற்குக் காரணம், அப்போதுதான் காலை வேலையும் சாயங்கால வேலையும் இல்லாத இடைவெளி. தண்ணீர் லாரி வரும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஹாலில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். பஸ் காசோடு, அந்த நேரத்தில் விட்டுப்போகிற கூலியில் ஒரு பங்காவது கொடுக்க முடிந்தால்தான் அக்காக்கள் வருவார்கள். இலவசப் பயிற்சி என்று நாம் பெருமையாகப் போர்டு வைக்கிறோம், அவர்களுக்கு அது இலவசம் கிடையாது.

யாரைக் கூப்பிடுவது என்றால், தூரத்தில் தேடாதீர்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், பிசியோதெரபிஸ்ட், வலி நிவாரண நர்ஸ் என்று ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கடிதம் கொடுங்கள். அவர்கள் பார்க்கிற வீடுகள் உங்கள் மாணவிகள் போகப்போகும் வீடுகளேதான், அதனால் பெரிய பேராசிரியரைவிட அந்த நர்ஸ் சொல்வது பயன்படும். மறதி நோய்க்கு அண்ணாநகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே இந்தியாவில் சென்னையில்தான் வேர் பிடித்தது. சென்ட்ரல் எதிரில் இருக்கிற ஜி.எச்.சில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோருக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார், 1996-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.டி. படிப்பே வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாகிவிட்டது. டாக்டருக்கு இத்தனை நடந்த ஊரில், வீட்டில் டயப்பர் மாற்றுகிறவருக்கு உருப்படியாக நாலு நாள் வகுப்பு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

சர்டிஃபிகேட் பற்றி. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்று பாடங்கள் உண்டு, அனுபவம் உள்ளவரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவும் உண்டு. உங்கள் அக்காக்களுக்கு அதுதான் சரிப்படும். தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கூடவே கறாராக ஒன்று: இந்தச் சான்று வாங்கியவர் நர்ஸ் ஆகிவிட மாட்டார். ஏ.என்.எம். (இரண்டு வருஷம்), ஜி.என்.எம். (மூன்று வருஷம்) மாதிரி ஒரு நர்சிங் படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். சில ஏஜென்சிகள் வெள்ளைக் கோட்டை மாட்டி "சிஸ்டர் வராங்க" என்று அனுப்பி, ஊசி போடு, மூக்குக் குழாயை மாற்று, கதீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயைப் போடு என்பார்கள். முடியாது என்று சொல்லப் பழக்குவதும் பயிற்சிதான். வாய்விட்டு ஒத்திகை பார்க்கவையுங்கள், "அது என் வேலை இல்லம்மா, நர்சைக் கூப்பிடுங்க" என்று. யூரின் பேக்கை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது, குழாய் மடங்காமல் பார்க்க வேண்டும், இதெல்லாம் இவர்கள் வேலை. குழாயைப் போடுவது இல்லை.

புதுப் பெண்களில் யாராவது ஜப்பான் போகலாமா என்று கேட்டால், வழி இருக்கிறது. ஆனால் முதியோர் பராமரிப்புத் தேர்வோடு ஜப்பானிய மொழித் தேர்வும் எழுத வேண்டும், மொழிக்குத்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். விசா வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவனிடம் ஜாக்கிரதை.

ஆண்களையும் சேருங்கள். எழுபது கிலோ தாத்தாவைக் குளிப்பாட்ட ஆண் அட்டெண்டர் கேட்டு அலைகிற வீடுகள் எத்தனையோ, பல பெரியவர்கள் பெண் கையால் துடைக்க விடுவதே இல்லை. காசிமேட்டில் வலை இழுத்துப் பழகிய, இப்போது கடலுக்குப் போகாத அண்ணன்கள் இருக்கிறார்கள். ஹவுசிங் போர்டில் லிஃப்ட் ஓடாத நாளில் மூன்று மாடி இறக்குவதற்கும் அவர்கள் வேண்டும்.

வேலைக்கு அனுப்பும்போது ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், 24 மணி நேர டியூட்டி என்றால் தூங்குவது எப்போது, அந்த நேரம் யார் பார்ப்பார்கள், சாப்பாடு யாருடையது, வார லீவு என்றைக்கு, சமையலும் துணி துவைப்பதும் சேர்த்தா சேர்க்காமலா. இதை எழுதாததால்தான் பாதிச் சண்டை. வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைக்கலாம். பெரியவரை வீட்டில் யாராவது அடித்தாலோ பட்டினி போட்டாலோ சொல்வதற்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, அதை எல்லோர் போனிலும் பதிந்து கொடுங்கள்.

முதல் பேட்ச்சில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒரு கட்டிலுக்கு அதுவே கூட்டம். எட்டுப் பேர் ஏற்கனவே வேலையில் இருக்கும் அக்காக்கள், நாலு பேர் புதியவர்கள். ஒவ்வொரு புதியவருக்கும் இரண்டு அக்காக்கள் என்று பிரித்துவிடுங்கள், கையால் செய்வதை அக்காக்கள் காட்டட்டும், மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் அந்தப் பெண் படித்துச் சொல்லட்டும். எனக்குப் பாடத்திட்டத்தை அனுப்பினால் திருத்தித் தருகிறேன், படுக்கைப்புண் வகுப்பை மட்டும் நானே வந்து எடுக்கிறேன்.